மொஸ்கோ அன்ரியின் ராணி

மொஸ்கோ அன்ரிக்கு ஒருவரின் வாயைத் திறக்க வைக்க ஒரே ஒரு சொல் போதும். "பிறகு?" என்பார். கையிலிருக்கும் வேலையை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சொல்லைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அவசரப்படுத்த மாட்டார். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவும் மாட்டார். ஒன்றும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நீங்கள் அவர் வீட்டுப் படியேறியிருப்பீர்கள். முதல் "பிறகு?"க்கு மாமியாரோடு நடந்த சண்டை வெளியே வரும். மூன்றாவதற்கு, கட்டிய கணவனிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருப்பீர்கள்.

என்னிடமிருந்து அவருக்கு வேண்டியதை எடுக்க நாலு "பிறகு?" தேவைப்பட்டது. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னப் பெருமை உண்டு.

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு லோண்டரிக் கடைக்கு மேல் மாடியில் அவர் தனியாகக் குடியிருந்தார். இளம் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கொலர்ஷிப் கிடைத்து மொஸ்கோவுக்குப் போய்க் கட்டடப் பொறியியல் படித்தவர். அதனால் பெரியவர்களுக்கு அவர் மொஸ்கோ அக்கா, எங்களுக்கு மொஸ்கோ அன்ரி. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லண்டனில் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவரால் ஒரு கொட்டில்கூடக் கட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரிகளிலும் சொலிசிட்டர்மாரின் அலுவலகங்களிலும், ஆங்கிலம் தெரியாத எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலைதான் கிடைத்தது.

அந்த வேலையில் அவர் சூரி, மகா கெட்டிக்காரி. எனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு நாரி உளைவு, இடுப்பு நிமிர்த்த முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். மொழிபெயர்க்க வந்தவர் மொஸ்கோ அன்ரி. டொக்டர் ஏதோ கேட்க, அம்மா தமிழில், "ராத்திரியிலை படுக்க ஏலாமல் கிடக்கு. இவருக்கு ஒண்டும் தெரியாது போல கிடக்கு" என்றார். அன்ரி முகம் கொஞ்சமும் மாறாமல் இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு இரவில் படுக்க முடியவில்லை, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைக்கிறேன். டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அதை ஏன் அந்தாளுக்குச் சொன்னனீங்கள்?"

"நீங்கள் சொன்னனீங்கள், நான் சொன்னன். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. 'அவ இப்பிடிச் சொல்லுறா' எண்டும் சொல்லப்படாது. 'நான்' எண்டுதான் சொல்லவேணும். அதுதான் எங்கடை வேலையின்ரை சட்டம்."

நாள் முழுக்க அவர் மற்றவர்களின் "நான்" ஆக இருந்தார். காலையில் ஒருவரின் மூலவியாதி, மத்தியானம் இன்னொருவரின் விவாகரத்து, பின்னேரம் ஒரு பொடியனின் அகதி விண்ணப்பம். எல்லாம் "நான்", "என்னை", "எனக்கு" என்று அவர் வாயால் வரும். ஆனால் வேலை முடிந்து வெளியே வந்தால் யாருடைய கதையும் அவர் வாயிலிருந்து வராது. துருவித் துருவிக் கேட்டவர்கள் தோற்றுப்போனார்கள். அதனால்தான் கிங்ஸ்பரித் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அவரை நம்பினார்கள். கோயிலில் ஐயரிடம் சொல்லாததை அந்த லோண்டரிக் கடைக்கு மேலே போய்ச் சொன்னார்கள்.

அவர் வீட்டில் பிளேன் ரீக்குச் சீனி இல்லை. கண்ணாடிக் குவளையில் கறுப்பாக ஊற்றி, பக்கத்தில் ஒரு தட்டில் ஸ்ட்ரோபெரி ஜாம் வைத்து, கரண்டியையும் தந்துவிடுவார். ஜாமை நக்கி நக்கித் தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். மொஸ்கோப் பழக்கம். அம்மா ஒருமுறை அதைக் கேள்விப்பட்டு, "ஜாம் பூசப் பாண் வாங்க மறந்திட்டாவாக்கும்" என்றார்.

அலுமாரி நிறையப் புத்தகங்கள். எல்லாம் ரஷ்ய அரச குடும்பத்தைப் பற்றியவை. மொஸ்கோவில் படித்த காலத்தில் ஜார் மன்னர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லையாம். லண்டனுக்கு வந்து நூலகத்தில் ஒரு தட்டு முழுக்க அவர்களைக் கண்டபோது, பட்டினி கிடந்தவர் சாப்பிட்டதுபோல வாசித்தாராம். எனக்குத் தெரிந்தது, கடைசி மன்னரையும் குடும்பத்தையும் சுட்டுக் கொன்றார்கள் என்பது மட்டும். அதைச் சொன்னால் கையை வீசுவார்.

"சுட்டது எல்லாருக்கும் தெரியும் பிள்ளை. அதுக்கு முன்னம் அந்த வீட்டுக்குள்ளை தாயும் மகளும் என்ன கதைச்சவை? அதைச் சொல்லும் பாப்பம்."

கடைசி மகாராணிக்கு நாலு பெண்பிள்ளைகள். அவருக்கு எப்போதும் ஏதோ வருத்தம். தன் அறையில் சாய்கதிரையில் படுத்திருப்பார். மகள்மாரோ மேல்மாடியில். ஒரே வீட்டுக்குள் தாய் மகள்மாருக்குத் துண்டுக் கடிதம் எழுதி அனுப்புவார், மகள்மார் பதில் எழுதி அனுப்புவார்கள். ஏன் இப்படி நடந்தாய், ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய், என்னை ஏன் பார்க்க வரவில்லை, எல்லாம் கடிதத்தில். "ஒரு படி இறங்கினால் தாய். ஆனா கடிதம்!" என்று அன்ரி சொல்லும்போது அவருடைய கண்கள் மின்னும்.

எனக்கு அது வியப்பாக இல்லை. எங்கள் வீட்டிலும் பிரிட்ஜ் கதவில் துண்டுகள்தான் பேசிக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். "சோறு இருக்கு. சூடாக்கிச் சாப்பிடு." "தம்பிக்கு நாளைக்கு ஸ்கூல் ட்ரிப்." கீழே நான், "ஓகே." அம்மா வீட்டில் இருக்கும் நாளிலும் நாங்கள் இருவரும் அதற்கு மேல் பேசியதில்லை.

காரணம் இருந்தது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா இறந்துபோனார். அடுத்த மாதம் அம்மா மூன்று வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வெளிக்கிட்டார். என்னை யாழ்ப்பாணத்தில் அப்பாவின் தங்கையான மாமியிடம் விட்டார். களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் கொண்டுவந்த கடவுச்சீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருந்தது என்பது எங்கள் குடும்பத்தின் கதை. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆறு வருடம் கழித்துப் பதின்மூன்று வயதில் நான் ஹீத்ரோவில் வந்து இறங்கினேன். வெளியே அம்மா நின்றார். நான் அவரைத் தாண்டிப்போய், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணைக் கட்டிப் பிடித்தேன். இது குடும்பத்தின் இரண்டாவது கதை. "என்னை அடையாளம் தெரியாமல் எவளையோ போய்க் கட்டிப்பிடிச்சாள்" என்று அம்மா எந்த விசேஷ வீட்டிலும் சொல்லிச் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

எனக்குப் பதினாறு வயதானபோது, பள்ளிக்கூடம் விட்டதும் அன்ரி வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். வெறும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. அவர் வீட்டில் ஹீட்டரும் இருந்தது, ஜாமும் இருந்தது. ஒருநாள் அவரே அந்தக் கதையை எடுத்தார்.

"எயார்போட்டிலை அம்மாவை அடையாளம் தெரியேல்லையாம், உண்மையோ?"

"ஓம் அன்ரி."

"பிறகு?"

"பிறகென்ன, அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனவ."

"பிறகு?"

நான் ஜாமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்த துணியை மடிக்காமல் வைத்திருந்தார். இன்னும் இரண்டு "பிறகு?" வந்தது. அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததை நானே அப்போதுதான் முதல் தடவை கேட்டேன். அம்மாவை எனக்கு அடையாளம் தெரிந்தது. கதவு திறந்த உடனேயே தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் அந்தப் பெண்ணிடம் போனேன். அம்மாவின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தேன்.

அன்ரி என்னைத் திட்டவில்லை. தலையைத் தடவவும் இல்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?" என்று குவளையை நீட்டினார். அவ்வளவு ஆறுதல் எனக்கு அதற்கு முன் யாரும் தந்ததில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது உடம்பே லேசாக இருந்தது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுவது அன்ரிதான். அந்த வருடம் அவர் தன் ராணியைக் கொண்டுவந்தார். துண்டுக் கடிதம் எழுதிய மகாராணி இல்லை, அவருடைய மாமியார். கடைசி மன்னரின் தாயும், அந்தத் தாயின் கடைக்குட்டி மகளும். பள்ளிக்கூடத்தின் தலைவர் ஐயா தலையில் கை வைத்தார்.

"எங்கடை அரசர்மார் இல்லையோ அக்கா? அவங்களுக்கு என்ன குறை?"

"அவையின்ரை மகள்மார் தாய்மாரோடை என்ன கதைச்சவை எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லையே ஐயா. இவை கடிதமாயும் டயரியாயும் எழுதித் தள்ளியிருக்கினம்."

அன்ரியோடு வாதாடி வென்றவர் கிடையாது. மகாராணியாக ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடையில் வேலை செய்யும் பெண் நடித்தார். கிரீடம் வேண்டாம் என்று சொல்லி, தன் கலியாணத்துத் தலைச்சாமானையே வைத்துக்கொண்டார். கார்ட்போர்ட்டில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல். நீலச் சேலை இரண்டை ஆட்டினால் கருங்கடல். மகளாக என் வகுப்புத் தோழி. எனக்கு வேடம் வேண்டாம் என்று பரீட்சையைச் சாட்டிவிட்டேன். ஒத்திகையில் அன்ரி ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனத்தை மட்டும் துண்டில் எழுதிக் கொடுப்பார். முழு நாடகமும் அவர் தலைக்குள்தான்.

விழா ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். அம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு, மாம்பழ நிறச் சேலை உடுத்திக்கொண்டு வந்தார். ஒருபக்கம் தம்பி, மறுபக்கம் நான், நடுவில் அம்மா. முதல் காட்சியில் தாய் மகளை ஆங்கிலேயத் தாதியிடம் விட்டுவிட்டு விருந்துக்குப் போகிறார். இரண்டாவதில் பத்தொன்பது வயது மகளை, அவளில் நாட்டமே இல்லாத ஒருவனுக்குக் கட்டி வைக்கிறார்கள். பிறகு புரட்சி. தாய் தப்பி ஓட ஆங்கிலேயரின் கப்பலில் ஏறுகிறார். மகள் பின்னால் நிற்கிறாள். சனம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ சமோசா தின்னும் சத்தம் கேட்டது.

கடைசிக் காட்சி தாயின் பிறந்த நாடான டென்மார்க். தாய் துறைமுகத்தில் காத்து நிற்கிறார். மகள் இறங்கி வருகிறாள். தாயைத் தாண்டிப் போகிறாள். ஓரமாக நின்ற பணிப்பெண்ணைக் கட்டிப் பிடிக்கிறாள். பிறகு அவள் மெதுவாகத் திரும்பி, என் தோழியின் குரலில் பேசினாள்.

"உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அம்மா. தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் இவளிடம் போனேன். உங்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்."

அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மேடையில் மகாராணி இரண்டு அடி முன்னால் வந்தார். தலைச்சாமான் மின்னியது.

"கப்பலில் இடம் இல்லை என்று உனக்குச் சொன்னார்கள். இடம் இருந்தது, மகளே. ஒரு பிள்ளை போதும் என்று சொன்னவள் நான்."

அப்போது நான் திரும்பினேன். அம்மா ஏற்கனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் அந்த மாடிக்குப் போய் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவும் போய் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் சொன்னது என்ன என்பதும், முந்நூறு பேருக்கு நடுவில், மைக்கில் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது ரஷ்யாவின் கதை. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. திரைச்சீலை ஓரத்தில் மொஸ்கோ அன்ரி நின்றார். அவருடைய உதடுகள் அந்த வசனங்களோடு சேர்ந்து அசைந்து முடித்திருந்தன.

பஸ்ஸில் தம்பி எங்களுக்கு நடுவில் இருந்து போனில் விளையாடிக்கொண்டு வந்தான். அம்மா ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"நாடகம் கொஞ்சம் நீளம்."

"ஓம்" என்றேன்.

அடுத்த நாள் பிரிட்ஜ் கதவில் வழக்கமான துண்டு. புட்டு இருக்கு, சூடாக்கிச் சாப்பிடு. ஹீத்ரோக் கதையை மட்டும் அதற்குப் பிறகு அம்மா எந்த வீட்டிலும் சொல்லிச் சிரிக்கவில்லை.

நான் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். இரண்டு வாரம் கழித்துத் தமிழ்க்கடை வாசலில் அன்ரி என்னைப் பிடித்தார். கையில் முருங்கைக்காய்க் கட்டு.

"கோவமோ பிள்ளை?"

"நான் உங்களை நம்பித்தானே சொன்னனான், அன்ரி."

"நான் ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லையே. நீங்கள் ரெண்டுபேரும் ஆளுக்கொரு பக்கமா வந்து எனக்குச் சொல்லுறியள். எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? ஒருத்திக்கு ஒருத்தி சொல்லவேணும். நீங்கள் சொல்ல மாட்டியள். அதுதான் நான் சொன்னன்." எங்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் தானாகவே முடிவெடுத்திருக்கிறார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. அதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டேன்.

"இடம் இருந்தது எண்டது... அது அம்மா சொன்னதோ?"

அன்ரி முருங்கைக்காயை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அது ராணி சொன்னது" என்றார்.

அந்த ஒரு பதிலுக்காக நான் ரஷ்ய அரச குடும்பத்தை வாசிக்கத் தொடங்கினேன். சிரிக்காதீர்கள். அந்த வசனம் ராணியுடையது என்றால் என் அம்மா தப்பிவிடுவார். கடவுச்சீட்டில் ஒரு இடம்தான் இருந்திருக்கும், என்னை விட்டது விதியாகிவிடும். மன்செஸ்டரில் மருந்தியல் படித்த காலத்தில், பாடப் புத்தகத்தைவிட அந்தத் தாயையும் மகளையும்தான் கூடப் படித்தேன். நூலகத்தில் இருந்தவை, பழைய புத்தகக் கடையில் கிடைத்தவை, கடிதத் தொகுப்புகள், எதையும் விடவில்லை.

மகள் சிறுவயதில் தாயோடு ஒட்டவே இல்லை. தகப்பனிடமும் தாதியிடமும்தான் ஒட்டியிருந்தாள். அது உண்மை. பொருந்தாத கலியாணமும் உண்மை. பின்னாளில் தனக்குப் பிடித்த, அரச குடும்பம் அல்லாத ஒருவனைக் கட்டினாள். அதைத் தாயால் ஜீரணிக்க முடியவில்லை. டென்மார்க்கில் தாயைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தாயின் கண்ணுக்கு அவளுடைய கணவன் கடைசிவரைக்கும் தென்படவில்லை. எல்லாம் சரி. ஆனால் கப்பல்? அந்தத் தாய் அப்படிச் சொன்னவரே இல்லை. ஓட விரும்புகிற மற்றவர்களையும் ஏற்றினால்தான் தான் ஏறுவேன் என்று ஆங்கிலேயரோடு பிடிவாதம் பிடித்தவர். மகள் அதற்கு முன்பே கணவனோடு வேறு திசையில் போய்விட்டாள். தானாகப் போனவள். தாய் அதற்காக அவளில் கோபப்பட்டாரே தவிர, இடம் இல்லை என்று சொல்லவில்லை.

கடைசிப் புத்தகத்தை மூடியபோது நான் அழுதேன். ராணி தப்பிவிட்டார். மிச்சம் இருந்தது இரண்டு பேர், அம்மாவும் மொஸ்கோ அன்ரியும். இரண்டில் ஒருவருடைய வசனம் அது.

நேரே அம்மாவிடம் கேட்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் என் அம்மாவின் மகள் இல்லை. நான் படித்து முடித்தேன், வேலை எடுத்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கிங்ஸ்பரிக்குப் போனேன், சமைத்ததைச் சாப்பிட்டேன், வந்தேன். தம்பியின் கலியாணத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். வாய்க்கு வந்த கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். பதினேழு வருடம் போனது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொஸ்கோ அன்ரி விம்பிள்டனில் பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். கதவைத் திறந்ததும் என்னைத் தெரிந்துகொண்டார். தலை முழுக்க வெள்ளை, மற்றபடி அதே ஆள். அதே கண்ணாடிக் குவளை, அதே ஜாம். இப்போது வேலை இல்லையாம், நாடகமும் இல்லையாம். சுவரில் ஒரு படமும் இல்லை. அவருக்குத் தாய் இருந்தாரா, என்ன பேசிக்கொண்டார்கள், எனக்கு ஒரு வரி தெரியாது. நாங்கள் யாரும் அவரிடம் "பிறகு?" என்று கேட்டதில்லை. அன்றைக்கும் நான் கேட்கவில்லை. நான் என் அலுவலாகப் போயிருந்தேன்.

"புத்தகமெல்லாம் வாசிச்சிட்டன் அன்ரி. ராணி அப்பிடிச் சொல்லேல்லை."

அவர் சிரித்தார். சந்தோஷப்பட்டதுபோலத்தான் இருந்தது.

"எல்லாம் வாசிச்சனீரோ?"

"எல்லாம். இண்டைக்கு உண்மையைச் சொல்லுங்கோ. இடம் இருந்தது எண்டு அம்மா சொன்னவவோ?"

தலை சாய்ந்தது. ஆனால் அந்தச் சொல் வரவில்லை.

"இல்லைப் பிள்ளை. அது நான் எழுதினது. மகளின்ரை வசனம் பலமாய் வந்திட்டுது. அந்த இடத்திலை தாய்க்கும் ஒரு அடி வேணும், இல்லாட்டி நாடகம் நிக்காது. கொம்மா பாவம். அவ அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. அதோடு கோபமும் வந்தது. ஒரு நாடகம் நிற்பதற்காக என் தாயை இத்தனை வருடம் எனக்கு முன்னால் குற்றவாளியாக நிறுத்தி வைத்தாரே என்று. தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிவிட்டேன். விம்பிள்டனிலிருந்து கிங்ஸ்பரி வரைக்கும், ரயிலில் நின்றுகொண்டே, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

அம்மா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, மொஸ்கோ அன்ரியைப் பாத்திட்டு வாறன். அந்த நாடகத்திலை வந்த வசனம், கப்பலிலை இடம் இருந்தது எண்டது. அதை அவதான் எழுதினவவாம். நீங்கள் சொல்லேல்லையாம். நான் இவ்வளவு நாளும் உங்களைத்தான்..."

கத்தி நின்றது.

"அவ பொய் சொல்லியிருக்கிறா" என்றார் அம்மா. "எனக்காகச் சொல்லியிருக்கிறா. அது நான் சொன்னதுதான்."

லீக்ஸை ஒருபக்கம் ஒதுக்கினார். என் முகத்தைப் பார்க்காமல், பலகையைப் பார்த்துப் பேசினார்.

"ஏஜென்ட் ரெண்டு பிள்ளையளின்ரை படமும் கேட்டவன். நான்தான் ஒண்டு போதும் எண்டனான். பொய்ப் பேரிலை போறம். தம்பிக்கு மூண்டு வயசு, அவனுக்குக் கதை வராது. உனக்கு ஏழு. பிளேனிலையோ எயார்போட்டிலையோ ஆராவது சிரிச்சு, பேரென்ன பிள்ளை எண்டு கேட்டால் போதும். உன்ரை பேர், அப்பான்ரை பேர், ஊர், வீடு, எல்லாம் சொல்லிப்போடுவாய். உனக்கு வாய் நிக்காது. ஆர் கொஞ்சம் அன்பாக் கேட்டாலும் அவைக்கு எல்லாத்தையும் கொட்டிப்போடுவாய். அந்தப் பயத்திலைதான் உன்னை விட்டிட்டு வந்தனான்."

"நான் சொல்லியிருக்க மாட்டன், அம்மா."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருக்கவில்லை. களைத்துப்போயிருந்தது.

"பதினேழு வருசமா நீ வந்து கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஞாயிறு ஞாயிறாய் வந்தனீ, சாப்பிட்டனீ, போனனீ. கடைசியா கேக்கவேணும் எண்டு வந்த நேரமும் என்னட்டை வரேல்லை. திரும்பவும் அவவிட்டைத்தான் போய் வாயைத் திறந்தனீ."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நீங்களும்தானே அவரிடம் போய்ச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையை நம்பாமல் விட்டுவிட்டு வந்தது சரியா என்று சத்தம் போட்டிருக்கலாம். மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். அம்மா மறுபடி லீக்ஸை எடுத்தார். வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கும் ஏலும் என்று அவருக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. கறி அடுப்பில் ஏறி, கொதித்து, இறங்கும் வரைக்கும் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்து காட்டினேன். அதைப் பார்க்க அங்கே எந்த ஏஜென்டும் இல்லை, எந்த விமானமும் இல்லை.